தைத்த இடம் தெரியக்கூடாது

நான் அந்த ஸ்கொட்லாந்துக்காரிகளிடம் வேலைக்குப் போனதற்குக் காரணம் என்னுடைய வலது தோள். துணியை வீணாக்கக்கூடாது, எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டும், எல்லா உடம்புக்கும் உடுப்பு வேண்டும் என்று அவர்கள் பின்னால் பேசியதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்காக ஒரு பஸ் ஏறியிருக்கமாட்டேன். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து, வந்த மூன்றாம் மாதமே குரோய்டன் பக்கத்தில் ஒரு கோட் தொழிற்சாலையில் லைனிங் தைக்கத் தொடங்கினேன். லைனிங் என்றால் லைனிங் மட்டும்தான். ஆறு வருடமாகக் கோட்டின் வெளிப்பக்கத்தைத் தொட்டதே இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. வழுக்குகிற துணி, அதே வளைவு, அதே இழுவை. ஆறாவது வருடம் தலை சீவி இழுக்கக்கூடக் கை மேலே போகவில்லை.

டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். எல்லா டொக்டர்மாரும் அதைத்தான் சொல்வார்கள். அதை எங்கே போய் எடுப்பது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். நோர்பரியில் ஒரு அறையிலும் அடுப்பு வைக்க மட்டும் காணும் அரைக் குசினியிலும் நாங்கள் இருந்தோம். கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. அந்த நாட்களில் ஒரு தையல் சாமான் கடைக் கண்ணாடியில் கையால் எழுதிய கார்ட் ஒன்றைக் கண்டேன். தைக்கத் தெரிந்த ஒருவர் தேவை, வேகம் முக்கியமில்லை என்று இருந்தது. வேகம் முக்கியமில்லை என்று எழுதிய வேலை விளம்பரத்தை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. அடுத்த நாள் 109 பஸ்ஸில் பிரிக்ஸ்டனுக்குப் போனேன்.

வேலைத்தலம் ரயில் பாலத்துக்குக் கீழே இருந்தது. வளைந்த செங்கல் கூரை, நீளமான ஒரு மேசை, நாலு தையல் மெசின், குளிர்ந்த தண்ணீர் மட்டும் வருகிற ஒரு பைப். மேலே ரயில் போகிற ஒவ்வொரு தடவையும் குத்தூசிப் பெட்டி மேசையில் கொஞ்சம் நகரும். அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி டண்டியிலிருந்து வந்தவள். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். பட்டம் வைக்காமல் ஒருவரை நினைக்க எங்கள் ஊர் ஆட்களுக்கு வராது, ஆகவே அவளை நான் மனதுக்குள் நெட்டை என்று வைத்துக்கொண்டேன். மற்றவள் ஸ்கொட்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தீவு. கதைப்பது குறைவு. அவள் தீவுக்காரி. எங்கள் ஊரில் தீவுப் பக்கத்து ஆட்கள் என்றால் கடைபோட்டு வியாபாரம் செய்வதில் கெட்டிக்காரர்கள். இவளுக்கு வியாபாரம் மருந்துக்கும் வராது.

அவர்கள் பேசிய இங்கிலிஷ் எனக்கு முதல் இரண்டு வாரம் விளங்கவில்லை. என்னுடையது அவர்களுக்கு விளங்கியிராது. ஆனால் எங்கள் மூன்று பேருடைய இங்கிலிஷும் லண்டன்காரருக்கு விளங்குவதில்லை என்று கெதியில் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு எங்களுக்குள் பிரச்சினை இருக்கவில்லை.

அவர்கள் புதுத் துணி வாங்குவதில்லை. அதுதான் அவர்களுடைய கொள்கை. இறந்துபோனவர்களுடைய வீடுகளைக் காலி செய்கிறவர்களிடமிருந்து பழைய கம்பளிப் போர்வை, ஓவர்கோட், பள்ளிக்கூடத்துக் கில்ட் பாவாடை எல்லாம் சாக்குக் கணக்கில் வரும். அவற்றைக் கழுவி, பிரித்து, வெட்டி, புதிதாகக் கோட் தைப்பார்கள். "உலகத்தில் இருக்கிற துணியே எல்லோருக்கும் காணும், இனி ஒரு முழம் நெய்யத் தேவையில்லை" என்று நெட்டை சொல்வாள். தீவுக்காரியின் அம்மா அங்கே தீவில் தறியில் இருந்து ட்வீட் கம்பளி நெய்துகொண்டிருக்கிறாளே என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஊரில் யுத்தம், பொருளாதாரத் தடை. என் தங்கச்சி பழைய சட்டையைப் பிரித்து உட்பக்கத்தை வெளியே புரட்டித் தைத்துப் போடுகிறாள் என்று கடிதம் வந்திருந்தது. அதை ஒருவரும் கொள்கை என்று சொல்லவில்லை.

செத்தவர்களுடைய உடுப்பு என்பதால் முதல் மாதம் முழுக்க வீட்டுக்கு வந்தவுடனே செத்தவீட்டுக்குப் போய்வந்ததுபோல நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் குசினிக்குள் கால்வைத்தேன். பனிக்காலத்தில் தினமும் தலைமுழுகித் தடிமன் பிடித்தது. பிறகு கால்களை மட்டும் கழுவினேன். பிறகு அதுவும் இல்லை. களைப்பு வந்தால் ஆசாரம் தானாகக் கழன்றுவிடும்.

ஆனால் நல்ல இடம். அதை நான் சொல்லத்தான் வேண்டும். எழும்பி நடக்கலாம், தோள் நொந்தால் நிறுத்தலாம். மத்தியானம் பெரிய பானையில் பருப்பு சூப் வைப்பார்கள். அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, நான் ஒரு சிறு போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டுபோய் வைத்தேன், இரண்டு மாதத்தில் போத்தலை என்னைவிட அவர்கள்தான் கூடப் பாவித்தார்கள். யாருக்கும் யாரும் மேலாள் இல்லை. கோட்டுக்குள் தைக்கிற லேபிளில் சைஸ் நம்பர் இருக்காது, வெட்டினவள் பெயரும் தைத்தவள் பெயரும் இருக்கும். என் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், சிரித்துச் சமாளித்தேன். ஹரோவில் இருக்கிற என் மச்சாளுக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, நான் டிசைன் ஒபிஸ் ஒன்றில் வேலை என்று கணவர் சொல்லிவைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம். கூட்டம் என்றால் சூப் குடித்துக்கொண்டு மூன்று பேர். அடுத்த கிழமை என்ன செய்வது, எந்தத் துணி, எந்தப் பொத்தான், எல்லாவற்றையும் கதைத்து, கடைசியில் கை உயர்த்தித் தீர்மானிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பாள் நெட்டை. நான் "ஓகே, வெரி நைஸ்" என்று சொல்லிக் கையை உயர்த்துவேன். நொந்த கை, பாதிதான் உயரும். எங்கள் வழக்கம் அப்படி. வேலை தருகிறவள் கேட்டால் ஓம் என்று தலையாட்டுவது, பிறகு எங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்வது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. அப்படித்தான் நான் வளர்ந்தேன், என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

இரண்டாவது பனிக்காலம் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நடு லண்டனில் ஒரு பெரிய கடை. அந்தக் கடைக்கு உடுப்புத் தெரிவுசெய்கிற பெண் ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வேலைத்தலத்துக்கே வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டாள். அவள் ஓடர் தந்தால் வேலைத்தலம் இருக்கும், இல்லாவிட்டால் கோடையோடு பூட்டவேண்டியதுதான் என்று கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள். பூட்டினால் எனக்கு லைனிங். வேறு வழி இல்லை. அந்த ஓடர் வேண்டும் என்று நான் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். அவர்கள் இரண்டு பேரையும்விட எனக்குத்தான் அது கூடத் தேவைப்பட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏழு கோட் காட்டுவதாகத் தீர்மானம். ஏழு கோட்டும் ஏழு வகையான பெண்களுக்கு அளவெடுத்து வெட்டியவை. கடைகளில் தன் உடம்புக்கு ஒன்றும் கிடைக்காமல் வளர்ந்தவள் நெட்டை, ஆகவே அவளுக்கு இது கோபத்தோடு சேர்ந்த ஆசை. ஒன்று அவளுக்கே. ஒன்று எனக்கு, சேலைக்கு மேலே போடுவதற்கு. சேலைக்கு மேல் கோட் போட்டால் தலைப்பு கசங்கி உள்ளே சுருண்டு போகும், எல்லாத் தமிழ்ப் பெண்களும் கோயிலுக்குப் போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் சேலையைத்தான் சரிசெய்வோம். அதை அவள் கவனித்து, இடப்பக்கம் தலைப்புக்கு இடம்விட்டு, முன்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி வெட்டியிருந்தாள். நான் கேட்காமலே. இன்னொன்று பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண்ணுக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, சக்கரக் கதிரையில் வருவாள், வாய் காட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. இருந்தபடியே போடுவதற்காக அவளுடைய கோட்டுக்குப் பின்பக்கம் கட்டை, முன்பக்கம் நீளம். அவள்தான் அன்றைக்கு வந்து கோட்டைப் போட்டுக் காட்டுவதாக இருந்தது.

எல்லாம் சரி. ஒன்றைத்தவிர. பழைய கம்பளி என்றால் பூச்சி அரித்த ஓட்டை இருக்கும், முழங்கை தேய்ந்திருக்கும். அந்த ஓட்டைகளை நெட்டை தடித்த சிவப்பு நூலால் பின்னி அடைத்தாள். சாம்பல் கோட்டில் சிவப்பு, கறுப்புக் கோட்டில் சிவப்பு. நெற்றியில் அடிபட்டதுபோல எங்கு பார்த்தாலும் சிவப்பு. "மறைக்கக்கூடாது, இது எங்கே கிழிந்தது, யாரோ இருந்து தைத்தார்கள் என்று தெரியவேண்டும்" என்றாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன். வெரி நைஸ் என்றும் சொன்னேன்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நான் லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு சேர்ச் மண்டபத்தில் ஒரு கோட் தந்தார்கள். நல்ல கோட், முழங்கையில் மட்டும் ஒரு ஒட்டு, வேறு நிறத்தில். அதைப் போட்டுக்கொண்டு ஹரோவுக்கு மச்சாளின் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றுக்குப் போனேன். வாசலில் மச்சாள் எல்லோருடைய கோட்டையும் வாங்கி மாடிப்படிக்குக் கீழே கொழுவிக்கொண்டிருந்தா. என்னுடையதை வாங்கினா, அந்த ஒட்டைப் பார்த்தா. அதை மட்டும் மேலே ஒரு அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. நல்ல மனசோடுதான் செய்திருப்பா. நான் அந்த நல்ல மனசை ஏழு வருடமாகச் சுமந்தேன். ஒட்டுப் போட்டதை மறைப்பதுதான் ஏழையின் ஒரே சொத்து. இவர்கள் அதைச் சிவப்பு நூலால் ஊருக்குக் காட்டப் பார்த்தார்கள். அதுவும் அந்தக் கதிரைப் பெண்ணை முன்னால் இருத்தி.

வெள்ளி மாலை நெட்டை தன் வான் வண்டியில் ஏழு கோட்டையும் கொண்டுவந்து நோர்பரியில் இறக்கினாள். பொத்தான் தைப்பதும் லைனிங்கின் கீழ்விளிம்பைக் கையால் பிடிப்பதும் மிச்சம் இருந்தது. அவளும் தீவுக்காரியும் சனி ஞாயிறு வேறொரு இடத்தில் துணி ஏற்றப் போகவேண்டியிருந்தது. "தோளைப் பார்த்துக்கொள், முடியாவிட்டால் விட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை கணவர் ஷிப்டுக்குப் போனார். நான் பொத்தான்களை முடித்தேன். தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு அந்தக் கதிரைப் பெண்ணின் கோட்டை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். வலது கையின் உட்பக்கம், மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. பாவம், அவளை எல்லோரும் ஏற்கனவே பார்க்கிறார்கள், இதையும் பார்க்கவேண்டுமா என்று நினைத்தேன். கத்தரிக்கோலின் நுனியால் முதல் இழையை அறுத்தேன்.

எனக்கு ஓட்டை அடைக்கத் தெரியும். தெரியாமல் அடைக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தையலுக்குப் புள்ளி போட்டது துணியைப் புரட்டிப் பார்த்துத்தான். கோட்டின் கீழ் மடிப்புக்குள் இருந்து அதே துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நெய்து, ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணினால் கடவுளுக்கும் தெரியாது. ஒரு ஓட்டைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. சனி முழுக்க, ஞாயிறு முழுக்க யன்னல் வெளிச்சத்தில் இருந்து ஏழு கோட்டையும் தைத்தேன். தோள் கொதித்தது. கோப்பையைத் தூக்க இடது கையைப் பாவித்தேன். ஆனால் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லாவிட்டால் பொய். அந்த இரண்டு நாளும் என் வாழ்க்கையில் நான் செய்த ஆகத் திறமான வேலை.

ஞாயிறு மத்தியானம் கணவர் ஒரு கோட்டை யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயப்பா அந்த ஓட்டை?"

"தேடிப் பாருங்கோ."

"ஏலாது. உண்மையா ஏலாது. இப்பதான் மனிசர் போடுற கோட் மாதிரி இருக்கு. அவையள் சொல்லித்தானே செய்யிறீர்?"

"வடிவா இருந்தா வேண்டாம் எண்டோ சொல்லப்போகினம்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணீர் போடப் போனார்.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கோட்டுகளைக் கொழுவினோம். நெட்டை ஒன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், மூன்றாவதின் கையை உட்பக்கம் புரட்டினாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சாக்குத் தூக்கி இறக்கியவள்போல ஸ்டூலில் இருந்தாள். தீவுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ஓட்டை இருந்த இடத்தை விரலால் தடவித் தடவித் தேடினாள். நெசவு தெரிந்தவள் என்பதால் அவளுக்கு மட்டும் அந்த இடம் பிடிபட்டது. "இதைப்போல வேலை நான் கண்டதில்லை" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை ஏன் சொல்லவில்லை? நாங்கள் கேட்டோமே."

கேட்டார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார்கள். ஏசினால் திருப்பிச் சொல்ல நான் ஆயிரம் நியாயம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர்கள் ஏசவில்லை.

பத்தரைக்குக் கதிரைப் பெண் வந்தாள். கோட்டைப் போட்டாள். பின்பக்கம் சரி, முன்பக்கம் சரி. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள், திரும்பவும் வலது கை.

"என் சிவப்பு எங்கே?"

நான்தான் எடுத்தேன் என்றேன். உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். 

"கதிரையைத் தள்ளும்போது அந்த இடம்தான் சில்லில் தேயும்" என்றாள். "எந்தக் கோட்டும் அங்கேதான் கிழியும். ரோட்டில் ஆட்கள் என்னைப் பார்ப்பார்கள், பிறகு பார்க்காததுபோல முகத்தைத் திருப்புவார்கள். நான் இந்தச் சிவப்பை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது இருந்தால் அவர்களுக்குப் பார்க்க ஒரு இடம் இருக்கும். இது என்ன என்று கேட்பார்கள். நானும் சொல்வேன்."

நான் சிவப்பு நூல் பந்தை எடுத்துக்கொண்டு அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். கோட்டைக் கழற்ற நேரம் இல்லை, அவள் கையில் இருந்தபடியே தைக்கத் தொடங்கினேன். இருபது நிமிஷத்தில் பாதிதான் முடியும் என்று தெரிந்தும் தைத்தேன். அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். கடைக்காரி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

அவள் நல்ல மாதிரியான பெண்தான். கோட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், வெட்டைப் புகழ்ந்தாள். "பழைய துணி என்று சொன்னீர்களே, தெரியவே இல்லையே" என்றாள். இரண்டு நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட வசனம் அது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் உற்சாகம் குறைந்ததை நான் கண்டேன். பிறகு கீழே முழங்காலில் இருந்த என்னையும், பாதி தைத்த சிவப்பையும் பார்த்தாள். "இது என்ன, இதை மட்டும் ஏன் இப்படி?"

நான் வாயைத் திறந்தேன். நெட்டை முந்திக்கொண்டாள். "முதலில் எல்லாவற்றிலும் அப்படித்தான் வைத்திருந்தோம். பிறகு மாற்றினோம். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் தீர்மானிப்பது" என்றாள். தீவுக்காரி ஓம் என்று தலையை ஆட்டினாள். கதிரைப் பெண் யன்னல் பக்கம் பார்த்தாள். ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைவிட என்னைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தையல் மிகச் சிறப்பு, ஆனால் எந்தக் கடையிலும் கிடைக்கிற நல்ல கோட் ஒன்றிலிருந்து இவை எப்படி வேறுபடுகின்றன என்று எங்கள் வாடிக்கையாளர்களுக்கு விளங்காது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். தீவுக்காரி அதை எனக்கும் கேட்கும்படி உரத்து வாசித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, சூப் பானையை அடுப்பில் ஏற்றினாள். நான் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். நெட்டை கையை வீசி அதை விடச் சொன்னாள். சிவப்பு இருந்தாலும் எடுத்திருப்பார்களோ தெரியாது என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

ஆனி மாதம் பூட்டினோம். மெசின்களை வான் வண்டியில் ஏற்றினார்கள். ஒருத்தி கிளாஸ்கோவுக்கு, மற்றவள் தீவுக்கு. கதிரைப் பெண் தன் கோட்டை எடுத்துக்கொண்டாள், மிச்சச் சிவப்பையும் நான் தைத்து முடித்துக் கொடுத்திருந்தேன். என்னுடைய சேலைக் கோட்டை என் கையில் தந்தார்கள். அதற்குள் லேபிள் இருந்தது. வெட்டினவள் பெயர், அதற்குக் கீழே தைத்தவள் என்று என் பெயர். நான் வேண்டாம் என்றிருந்தேன், அவர்கள் ஒரே ஒரு தடவை என் சொல்லைக் கேட்கவில்லை. நூல் பந்தில் மிச்சம் இருந்ததைப் பொக்கெட்டுக்குள் போட்டிருந்தார்கள்.

நான் திரும்ப லைனிங்குக்குப் போனேன். அதே மெசின் இல்லை, ஆனால் அதே வளைவு.

கோட்டை இரண்டு பனிக்காலம் போட்டேன். மூன்றாவதில், நான் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்த முழங்கை திரும்பவும் விட்டுப்போனது. பழைய துணி, அதற்கும் களைப்பு இருக்காதா. பொக்கெட்டில் நூல் பந்து கிடந்தது. கீழ் மடிப்பிலிருந்து இழை உருவத் தோளுக்குச் சக்தி இல்லை, சிவப்பு நூலால் அரை மணித்தியாலத்தில் அடைத்தேன். அப்படித்தான் நடந்தது. பெரிய ஞானம் ஒன்றும் வரவில்லை.

அந்த மார்கழியில் மச்சாள் ஹரோ வீட்டில் விருந்து வைத்தா. டொக்டர், எக்கவுண்டன்ட் என்று ஆட்கள். வாசலில் மச்சாள் கோட்டை வாங்க நின்றா. சேலை கொஞ்சமும் கசங்காமல் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்து, "வடிவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கோட்டை வாங்கினா. அவவின் கை கோட்டின் முழங்கையில் பட்டது.

"இதென்ன, சிவப்பாக் கிடக்கு? கிழிஞ்சிருக்கோ?"

கணவர் உடனே முன்னுக்கு வந்தார். "அது டிசைன், அக்கா. இப்ப அப்பிடித்தான் செய்யினம்."

அவர் பொய் என்று நினைத்துச் சொன்னது, நெட்டை உண்மை என்று நினைத்துச் சொன்னதேதான். அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அலுப்பாக இருந்தது.

"இல்லை மச்சாள்" என்றேன். "கிழிஞ்சதுதான். ஆரோ செத்த ஆளின்ரை போர்வையில வெட்டின கோட். வெட்டினது ஒரு ஸ்கொட்லாந்துக்காரி, தைச்சது நான். உள்ளுக்குப் பேர் கிடக்கு, பாருங்கோ."

பின்னால் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தா. மச்சாள் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா.  மேலே கொண்டுபோகப்போறா என்று நினைத்தேன். நானே கோட்டை அவவின் கையிலிருந்து வாங்கி, மாடிப்படிக்குக் கீழே மற்றக் கோட்டுகளுக்கு நடுவில் கொழுவிவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது மெட்ரோபொலிட்டன் லைனில் எங்கள் பெட்டியில் ஆட்கள் குறைவு. இரண்டு ஸ்டேஷன் போனது. பிறகு கணவர் கேட்டார்.

"என்னப்பா, ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

எனக்கு ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த அந்த மேசை நினைவுக்கு வந்தது. சூப் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நெட்டை என் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். நான் பாதிக் கையை உயர்த்துகிறேன்.

"அவ கேட்டவ" என்றேன். "நான் சொன்னனான்."